மாமு வண்டிக்கு அத்தா போட்ட பைப்

ஒரே போட்டோவை மூன்று பேர் பார்த்தால் அது மூன்று போட்டோ என்பார் என் மாமு. அம்மாவின் தம்பி. சொன்னதோடு நிற்காமல் அதை மெய்ப்பித்தும் காட்டிவிட்டார்.

சவூதியிலிருந்து லீவில் வந்த ஒருவரிடம் என் அத்தா, அதாவது அப்பா, கொடுத்தனுப்பிய போட்டோ அது. அத்தா அங்கே ஒரு ஒர்க்ஷாப்பில் இருந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாருடைய பிக்கப் வண்டியிலோ ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "கன்னம் ஒட்டிப்போச்சு" என்றாள். நான் அத்தாவின் சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனாக்களைப் பார்த்தேன். ஒன்று எனக்காக இருக்கும் என்று முடிவு கட்டினேன். மாமு மட்டும் போட்டோவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வண்டியின் கதவுக்குக் கீழே விரலை வைத்தார். அங்கே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் தடித்த இரும்புக் குழாய் ஒன்று நீளமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இதத்தாங்க்கா நா இத்தன நாளாத் தேடுறேன்."

"ஏன்டா, மச்சான் எப்படி இருக்காருன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

"அவருக்கென்ன, நிக்கிறாருல்ல. கீழ பாருங்க, பைப்பு!"

மாமுவின் அவதி அவருக்கு. எங்கள் ஊர் திருமயத்துக்கு மேற்கே. மாமு ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தார். விடிந்ததும் பாறைக்கு அங்கிட்டு இருக்கும் சின்ன ஊர்களுக்கு மாட்டுத்தீவனம் ஏற்றிப்போவார். திரும்பும்போது கறந்த பாலைக் கேன்களில் ஏற்றிவந்து பால் டிப்போவில் இறக்குவார். நடுவில் ரோடு என்று ஒன்று கிடையாது, மொட்டைப் பாறைதான். எந்தக் காலத்திலோ கல் உடைக்க வந்தவர்கள் முடிந்த மட்டும் உடைத்துவிட்டுப் போன பாறை. படிக்கட்டு மாதிரிக் கிடக்கும், ஆனால் ஒரு படியைப் போல் இன்னொரு படி இருக்காது. முன் சக்கரம் படியை விட்டு இறங்கியதும் கதவுக்குக் கீழே உள்ள தகடு பாறை விளிம்பில் போய் உட்கார்ந்துவிடும். தகடு நசுங்கும், கிழியும், துரு ஏறும். சுற்றிப் போகலாம் என்றால் பால் காத்திருக்காது. "எம்மேல அந்தப் பாறைக்கு என்ன கோவமோ, தெனம் ஒரு கடி கடிச்சுத்தான் விடுது" என்பார் மாமு. போட்டோவில் இருந்த மாதிரிக் குழாய் ஒன்று இருந்துவிட்டால் கடி குழாய்க்கு. வண்டி அதன்மேல் சறுக்கிக்கொண்டு தப்பித்துவிடும்.

ஊரில் வெல்டிங் என்றால் கிரில் பட்டறை அண்ணன்தான். ஜன்னல் கம்பியும் வீட்டு கேட்டும் செய்கிறவர். மாமு போட்டோவை அவர் கையில் கொடுத்தார். அவர் அதை நெற்றிக்கு மேலே தூக்கி, தலைகீழாகத் திருப்பி, "செஞ்சுறலாம் பாய்" என்றார்.

செய்தும்விட்டார். ஆனால் வாழ்நாளெல்லாம் கேட் செய்த கை சும்மா இருக்குமா? இரண்டு குழாய்களை மேலும் கீழுமாக வைத்து, நடுவில் வரிசையாகத் தாமரைப் பூ வைத்துவிட்டார். இரண்டு முனையிலும் ஈட்டி. மேலே சில்வர் பெயிண்ட். பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து அவர் வழிவிட, மாமு பிஸ்மில்லா சொல்லி வண்டியை எடுத்தார். கல்யாண மண்டபத்து கேட்டே நகர்ந்து போவது போல வண்டி தெருவில் போனது. பார்த்தவர்களெல்லாம் அழகு என்றார்கள். பாறையிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

மறுநாள் காலை மாமு டிப்போவுக்கு வந்து சேர்ந்தார். வண்டி நின்றது. ஆள் இறங்கவில்லை. கதவு திறக்கவில்லை, அந்தப் பக்கக் கதவும் திறக்கவில்லை. பாறை குழாயைத் தூக்க, குழாய் தகட்டைத் தூக்க, தகடு போய்க் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டுவிட்டது. கடைசியில் மாமு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார், பிறகு தோளை, பிறகு இடுப்பை. கைலி கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. பால் ஊற்ற வந்தவர்களில் ஒருவர் கேட்டாராம்: "பாய், எறங்குறீங்களா, பொறக்குறீங்களா?"

பட்டறை அண்ணன் அசரவில்லை. "போட்டோவுல வெளிய தெரிஞ்சத நா செஞ்சுட்டேன் பாய். உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு போட்டோ புடிச்சவன்ல காட்டியிருக்கணும்?"

வண்டி இப்படித் தாமரையும் ஈட்டியுமாக வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நின்றபோதுதான் அத்தா லீவில் வந்து இறங்கினார். அது எனக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த வெயில் காலம்.

இனிமேல் சொல்லப்போவது என் சங்கதி. அத்தாவை எனக்கு நன்றாகத் தெரியும், போனில். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து போன் வரும். அம்மா நாலு வார்த்தை பேசுவதற்குள் நான் பிடுங்கிக்கொள்வேன். பூனை எங்கே குட்டி போட்டது, யார் யாரை எதற்குக் கிள்ளினார்கள், எந்த டீச்சர் எந்தச் சேலையில் வந்தார் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். அந்தப் பக்கத்திலிருந்து "அப்பறம்?" என்று வரும். அந்த ஓர் "அப்பறம்" போதும், எனக்கு ஊரே கதையாகிவிடும். இப்போதெல்லாம் முகம் தெரிகிற போன். என் மகனுக்கு அவன் அத்தாவின் மூக்குத் துவாரம் வரைக்கும் தெரியும். எங்களுக்கு வாய்த்தது குரல் மட்டும்தான்.

ஆனால் வாசலில் பெட்டியோடு வந்து நின்றது குரல் இல்லை. மீசை வைத்த, அத்தர் மணக்கிற, நிலைவாசலில் தலை குனிந்து வருகிற ஓர் ஆள். நான் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன். அவர் கையை நீட்டினார்; நான் அடுப்படிக்கு ஓடினேன். அவர் சாப்பிட உட்கார்ந்தால் நான் எழுந்துகொண்டேன். பொம்மை, மிட்டாய், ஒரு பேனா எல்லாவற்றையும் அம்மாதான் வாங்கி எனக்குக் கொடுத்தாள். அவருக்கும் எப்படி நெருங்குவது என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், பார்க்க வந்த சனம் கூடம் நிறைய இருக்கும்போது அம்மாவிடம் கேட்டேன்: "போன்ல பேசுற அத்தா எப்பம்மா வருவாங்க?"

கூடமே சிரித்தது. அடுத்த வீட்டு மாமி, "நல்லாருக்குடி கத! புள்ளைக்கு அத்தாவ ரேடியோப் பொட்டியிலயே காட்டி வளத்திருக்கே" என்று அம்மாவின் தொடையில் தட்டினார். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே போனாள். அத்தா மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைக்க இடம் தெரியாமல் வைத்திருந்தார்.

அன்று ராத்திரி அம்மா என் தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள்: "லீவு முடியுறதுக்குள்ள அத்தாகிட்ட ஒரு தடவையாவது போயிரும்மா. வெறும் மடியோட போனாங்கன்னா அங்க போயி ஒறங்க மாட்டாங்க." எனக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் மாமு அத்தாவைக் கையைப் பிடித்து வண்டியிடம் இழுத்துப்போனார். தாமரைகளைக் கண்டதும் அத்தா சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. சுவரோரம் நின்றிருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அது போனில் வருகிற சிரிப்பு.

"மாப்ள, வண்டிங்கிறது ரெண்டு" என்றார் அத்தா, சிரிப்பு அடங்கியதும். "கீழ கெடக்குற இரும்புச் சட்டம், அந்த சேஸ் ஒண்ணு, மேல உக்காந்திருக்குற பாடி ஒண்ணு. நடுவுல ரப்பர். ரெண்டும் புருசன் பொண்டாட்டி மாதிரி சேந்துதான் போகும். ஆனா அது ஆட்டம் வேற, இது ஆட்டம் வேற. பாற குடுக்குற அடிய சேஸ்தான் வாங்கணும். நீ பாடியில கொண்டுபோயி ஒட்ட வச்சிருக்க. அது மூஞ்சியக் கோணிக்கிருச்சு."

"மச்சான், நீங்க இருக்கும்போது எனக்கு என்ன? பிரிச்சுப் போட்டு நீங்களே செஞ்சு குடுங்க."

தாமரைகள் அறுபட்டு விழுந்தன. பட்டறை அண்ணன் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டார். ஏதோ ஒரு வீட்டு கேட்டில் அவை இன்னும் பூத்திருக்கலாம். தண்ணீர் வராமல் பொய்த்துப்போன போர்வெல் ஒன்றிலிருந்து உருவிய பைப்பை மாமு விலைபேசிக் கொண்டுவந்தார். நல்ல கனம். "தண்ணி குடுக்காத பைப்பு, பாலையாவது காப்பாத்தட்டும்" என்றார். அத்தா அளந்து சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுக்க, பட்டறை அண்ணன் தடித்த தகடுகளை வெட்டி, பைப்போடு கைகளைப் போலப் பற்ற வைத்துக் கொடுத்தார். அந்தக் கைகளை சேஸில் கொண்டுபோய் போல்ட்டுப் போட்டு முறுக்க வேண்டும். அதற்கு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். காலையில் பால் நடை முடிந்து வண்டி வந்துவிட்டால், அத்தா ஒரு சாக்கை விரித்து மல்லாந்து உள்ளே போய்விடுவார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரியும்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். கால்கள்தானே, கால்களிடம் எனக்குப் பயமில்லை.

"யாரு அங்க நிக்கிறது?" உள்ளேயிருந்து குரல் வந்தது. "கால் மட்டுந்தான் தெரியுது. கொலுசு போட்ட காலு."

நான் ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"கொலுசு நல்லாருக்கே. யாரு வாங்கிக் குடுத்தது?"

"அத்தா."

"எந்த அத்தா?"

"போன்ல பேசுவாங்கள்ல, அந்த அத்தா."

உள்ளே ஸ்பானர் சத்தம் நின்றது. பிறகு, "சரி. அந்த அத்தாதான் பேசுறேன். வெள்ள பூன குட்டி போட்டுச்சே, அதுல எத்தன தங்குச்சு?"

முகம் இல்லை, மீசை இல்லை. குரல் அதே குரல். இரும்புக்குள்ளிருந்து வந்ததால் கொஞ்சம் கரகரப்பு வேறு. போனில் வருகிற கரகரப்பு. நான் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தேன். ஒரு குட்டியைக் கடுவன் பூனை தூக்கிக்கொண்டு போனது, அடுத்த வீட்டு மாமி பாலில் தண்ணீர் கலந்து வைத்தது எல்லாம் சொன்னேன். "அப்பறம்?" என்றது வண்டி. அம்மா ரெண்டு தடவை கூப்பிட்டும் நான் சோறு தின்னப் போகவில்லை.

ஆனால் அத்தா சாக்கோடு நகர்ந்து வெளியே தலையை நீட்டியதும் என் வாய் அடைத்துக்கொண்டது. ஓடிவிட்டேன். அடுத்த நாளும் அதேதான். அத்தா கெட்டிக்காரர், பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு நான் வந்து உட்கார்ந்துவிட்டால் அவர் வெளியே வரமாட்டார். ஸ்பானர் வேண்டுமென்றால் கையை மட்டும் நீட்டுவார், கிரீஸ் அப்பிய கை. ஒரு நாள் அந்தக் கையில் நான் ஸ்பானருக்குப் பதில் கொடுக்காப்புளிச் சுளை ஒன்றை வைத்தேன். கை உள்ளே போனது. "உப்புக் கரிக்குதே, கழுவலயா?" என்று குரல் வந்தது. பிறகு கொட்டை மட்டும் வெளியே வந்து விழுந்தது. இப்படியே கையோடு பழகினேன். விரலில் இருந்த வெட்டுத் தழும்பைத் தொட்டுப் பார்த்து, இது எப்படி வந்தது என்று கேட்டேன். அதற்கு ஒரு கதை சொன்னார்.

காலி மனையில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும். "எள்ளு காயுது எண்ணெய்க்கி. நீங்கள்லாம் எதுக்குய்யா காயுறீக?" என்று மாமு அவர்களை விரட்டுவார். அவர்களும் விடமாட்டார்கள். "பாய், ஒங்க மச்சான் சவூதியில இப்புடித்தான் வேல பாத்தாருன்னா அந்த அரபி ஒட்டகத்துலதான் போயிக்கிட்டிருப்பான்" என்பார்கள். வேலை அவ்வளவு மெதுவாகத்தான் நடந்தது. போட்ட போல்ட்டைக் கழற்றுவார், வாஷரை மாற்றுவார், திரும்பப் போடுவார். லீவு நாட்கள் கொடுக்காப்புளி மாதிரித் தீர்ந்துகொண்டு வந்தன. பெட்டியை வெயிலில் காயவைத்து அம்மா துடைத்து வைத்தாள். அடுத்த வீட்டு மாமி ஒரு மாலை அம்மாவிடம் சொன்னார்: "லீவுல வந்த மனுசன் வண்டிக்கடியிலயே குடியிருக்காரு. நீயும் பாத்துக்கிட்டு இருக்கே. நல்லா இருக்குடி ஒங்க குடித்தனம்."

ஒருவழியாக இரண்டு பக்கமும் முடிந்தது. வண்டிக்கு அடியில் ஜாக்கி வைக்காமல், பைப்புக்கு அடியில் வைத்தார் அத்தா. ஜாக்கி ஏற ஏற, வண்டியின் ஒரு பக்கம் முழுசாக மேலே எழும்பியது. "இப்பத் தொற" என்றார். மாமு கதவைத் திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். கல்யாண வீட்டுக் கதவுகூட அவ்வளவு சுகமாகத் திறந்து நான் பார்த்ததில்லை. மறுநாள் மாமு பாறைக்குப் போய் வந்தார். பால் கேன் அசங்கவில்லையாம். படியில் உட்கார்ந்த இடத்தில் 'சர்ர்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதானாம். "பாற பல்லு போயிருச்சு மச்சான்!" என்று கத்திக்கொண்டே வந்தார். பைப்பில் இழுத்த கோடு வெள்ளை வெளேரென்று மின்னியது. எல்லாரும் குனிந்து தொட்டுப் பார்த்தோம்.

வேலை முடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இனி அத்தா வண்டிக்கு அடியில் போகமாட்டார். வீட்டுக்குள் இருப்பார், மீசையோடும் முகத்தோடும். எனக்கு மறுபடியும் பேச்சு வராது.

ஆனால் மறுநாளும் பால் நடை முடிந்து வண்டி வந்ததும் அத்தா சாக்கை விரித்தார்.

"என்ன மச்சான், இன்னும் என்ன?"

"ஒரு போல்ட்டு லூசா இருக்கு மாப்ள."

மாமு அத்தாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிமென்ட் மூட்டை ஏற்ற வண்டி கேட்டு ஓர் ஆள் வந்து நின்றார். "வண்டி இன்னக்கி வராதுண்ணே. போல்ட்டு லூசா இருக்காம்" என்று மாமு அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, வேடிக்கைக் கூட்டத்தையும் ஓட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த நாளும் ஒரு போல்ட் லூசாக இருந்தது. அதற்கு அடுத்த நாள்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தேன், உள்ளே 'டங்... டங்...' என்று ஸ்பானர் சத்தம் நிதானமாக வந்துகொண்டிருந்தது. முறுக்குகிற சத்தம் அது இல்லை. கையை ஊன்றிக் குனிந்து எட்டிப் பார்த்தேன். அத்தா ஒரு கையைத் தலைக்கு அணையாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். இன்னொரு கை சும்மா, தாளம் போடுகிற மாதிரி, ஸ்பானரால் பைப்பைத் தட்டிக்கொண்டிருந்தது. "அப்பறம்?" என்றார், கண் திறக்காமலே.

எழுந்து அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, அத்தா வேல செய்யலம்மா. சும்மா படுத்திருக்காங்க."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "படுத்திருக்கட்டும். பாதிக் கதையில எந்திரிச்சு வந்துட்டியா? போ, போயி மிச்சத்தையும் சொல்லு."

திரும்பி வந்தேன். வெயில் ஏறி, நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் நிழல் போய்விட்டிருந்தது. வண்டிக்கு அடியில் மட்டும்தான் நிழல். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு படுத்து, முதுகால் தேய்த்துத் தேய்த்து உள்ளே போனேன். அத்தா கண்ணைத் திறந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சாண் கூட இல்லை. மீசையில் கிரீஸ் ஒட்டியிருந்தது. சிரித்துவிட்டேன். அவர் சாக்கில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"எண்ணெ சொட்டும். தலைய இங்கிட்டு வையி."

அவர் கைமேல் தலையை வைத்துக்கொண்டு மிச்சக் கதையைச் சொன்னேன். அது முடிந்ததும் இன்னொன்று.

அப்போது அம்மாவின் கால்கள் வந்தன. வண்டிக்கும் தரைக்கும் நடுவில் இருந்த கீற்றில் அவை மட்டும் தெரிந்தன. டீ மணம் வந்தது. கால்கள் பைப்புக்குப் பக்கம் வந்து நின்றன. அத்தாவைக் கூப்பிடப்போகிறாள் என்று நான் கதையை நிறுத்தினேன். கூப்பிடவில்லை. வெயில் கொதிக்கிற மண்ணில் அந்தக் கால்கள் ஒன்றை மாற்றி ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றன. நான் மறுபடி கதையைத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அவை சத்தமில்லாமல் திரும்பிப் போயின.

லீவு முடிகிற வரைக்கும் எல்லா நாளும் அப்படித்தான். கால்கள் வரும், நிற்கும், திரும்பிப் போகும். நான் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தால் அத்தாவுக்குப் போட்ட டீயை அம்மாவே குடித்து முடித்து, காலி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பகலில் டீயையே தொடாத அம்மாவுக்கு அந்த லீவில் டீ ரொம்பப் பிடித்துப்போய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.